சித்தி எப்படிச் செத்தாள்?

ஜனவரி 8

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறாரா?

போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "சரி, வெச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறோம். இந்த முறை நான் கேட்க வேண்டியதை முழுதாகக் கேட்க வேண்டும். அதனால் கடிதம்.

எனக்கு ஒரு பல் செட் செய்து தர வேண்டும். பதறாதீர்கள், என் பல்லெல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் பொம்மலாட்டக் குழுவின் அடுத்த நாடகத்தில் வரும் கிழவிக்குத்தான் பல் வேண்டும். காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதை உங்களுக்குத் தெரியுமே. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று சித்தி அரிக்க, அப்பா பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விடுகிறார். வழி தெரிவதற்காகப் பையன் போட்டுக்கொண்டே போன ரொட்டித் துணுக்குகளைப் பறவைகள் தின்றுவிடுகின்றன. தின்பண்டத்தால் கட்டிய வீட்டில் ஒரு கிழவி இவர்களைத் தின்னக் காத்திருக்கிறாள். தங்கை அவளை அடுப்புக்குள் தள்ளிவிட்டு அண்ணனோடு வீடு திரும்புகிறாள்.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கிடைத்த வடிவங்களையெல்லாம் படித்தேன். பழைய வடிவம் ஒன்றில் பிள்ளைகளை விரட்டச் சொல்வது பெற்ற தாயேதான். பிறகு அச்சுப் போட்டவர்களுக்குப் பெற்றவளை அப்படிக் காட்ட மனசு வரவில்லை போலிருக்கிறது, சித்தியாக்கிவிட்டார்கள். வேறொன்றில் கிழவிக்குப் பதில் அரக்கனும் அவன் மனைவியும் வருகிறார்கள். இன்னொரு வேடிக்கை, பிள்ளைகள் வீடு திரும்பும்போது சித்தி செத்துப்போயிருக்கிறாள். எப்படிச் செத்தாள் என்று யாரும் சொல்வதில்லை. "அதற்குள் சித்தி இறந்துவிட்டாள்" என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிடுகிறார்கள்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். கிழவியின் வாய் என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்த அகலம். முன்பல் ஒன்று கோணலாக இருக்கட்டும். மற்றது உங்கள் இஷ்டம். அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் நாடகப் பிரதியையும் சேர்த்து அனுப்புகிறேன். உங்கள் பல் லேபில் வேலை குறைவாக இருக்கும்போது செய்தால் போதும்.

அன்புடன்,
பூட்டு


ஜனவரி 19

பூட்டுக்கு,

பல் செட்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மெழுகில் செய்து பார்த்தபோது கிழவி கொஞ்சம் இளித்தாள், அதனால் மேல்வரிசையைச் சற்று உள்ளே தள்ளினேன். லேபில் எல்லோரும் அதை ஆளுக்கொரு தடவை தங்கள் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் "இந்த பேஷன்ட் யாரும்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

கிழவிக்காக நீ அனுப்பிய பிரதியில் சித்தியையும் படித்தேன். படிக்காமல் தாண்ட முடியவில்லை, முதல் காட்சியிலேயே வந்து நிற்கிறாளே. கரண்டியால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள். டக், டக். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே வருகிறார்கள். அப்படித்தானே எழுதியிருக்கிறாய்?

இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கரண்டியால் தட்டுகிறவள் யார் என்று பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அந்தப் பூனை நடுங்கிக்கொண்டு வருவதில்லை, வாலைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக மனசு வலிக்கிறது. உனக்கு ஒரு கொடுமைக்காரி தேவைப்பட்டபோது வேறு எங்கேயும் தேடாமல் நேராக என் சமையலறைக்கு வந்திருக்கிறாய்.

பல்லை வெந்நீரில் கழுவாதே, வளைந்துவிடும்.

இப்படிக்கு,
பல் லேபில் வேலை பார்க்கிறவள்


ஜனவரி 27

சித்திக்கு,

பல் வந்து சேர்ந்தது. பிரமாதமாக இருக்கிறது. நன்றி.

மற்ற விஷயத்துக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அது கதை, சித்தி. எழுதும்போது ஒரு சத்தம் வேண்டியிருந்தது, மேடையில் அந்தப் பொம்மை வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள் என்று தெரிவிக்கிற ஒரு சத்தம். கை தானாக எழுதியது. உங்களை நினைத்து எழுதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நினைத்துத்தான் எழுதினேன் என்று சொன்னால் அது பொய்.

நீங்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கதையில் வருகிற சித்தியெல்லாம் நீங்கள்தான் என்றால் நான் வாழ்நாள் முழுக்கக் கதையே எழுத முடியாது. நான் பல்லுக்குத்தான் உதவி கேட்டேன், பிரதியைத் திருத்தித் தரச் சொல்லவில்லை.

பூட்டு


பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். அப்பா எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். இரண்டு முறையும் குளிக்கிறீர்கள் என்றால் வீட்டில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

போன கடிதத்தின் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. கடிதம் தபால்பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபோதே தெரிந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

இங்கே வேறு ஒரு கூத்து. அரங்கத்து மேலாளர் ஒத்திகை பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "இந்த சித்தி வேண்டாம்மா. வர்ற பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வீட்ல ரெண்டாவது அம்மா, ரெண்டாவது அப்பா. அதுங்க அழுதுகிட்டே வீட்டுக்குப் போனா, நாளைக்கு என்கிட்டதான் வந்து நிப்பாங்க" என்றார். சொல்வது நியாயம்தான். எனக்கும் அப்போது நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள்.

அதனால் மாற்றிவிட்டேன். இப்போது சித்தி நல்லவள். பிள்ளைகள் தாங்களாகவே காட்டில் வழி தவறிவிடுகிறார்கள். சித்தி விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருக்கிறாள். கரண்டிச் சத்தத்தை எடுத்துவிட்டேன். யாரும் சாவதும் இல்லை. புதுப் பிரதியை இணைத்திருக்கிறேன். இந்தத் தடவையாவது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கிழவியின் பல்லைப் பார்த்து இசைக்காரரே ஒரு அடி பின்வாங்கினார்.

அன்புடன்,
பூட்டு


மார்ச் 2

பூட்டு,

நான் குளித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது தடவை குளிக்கவில்லை.

மன்னிப்பெல்லாம் சரி. அதை மடித்து வைத்துக்கொண்டேன். ஆனால் இந்தப் புதுப் பிரதி இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

யார் இந்தப் பெண்? கையில் விளக்கு, முகத்தில் புன்னகை, வாயைத் திறந்தால் "என் கண்மணிகளே." இவள் ஒரு நாளாவது பாத்திரம் தேய்த்திருக்கிறாளா? பிள்ளை வாயைத் திறக்காமல் அடம்பிடிக்கும்போது இவளுக்கு எரிச்சல் வந்திருக்கிறதா? நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உன்னைப் பார்த்து எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன் தெரியுமா? முதல் பிரதியில் இருந்தவள் கொடுமைக்காரியாக இருந்தாலும் உயிரோடு இருந்தாள். இவளைக் கடைக் கண்ணாடிக்குள் புடவை கட்டி நிறுத்தலாம்.

என்னைச் சமாதானப்படுத்துவதற்காக எழுதியிருக்கிறாய். அது தெரிகிறது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

உன் அப்பா இதைப் படித்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்றார். கதையில் அந்த அப்பாவை யாருமே ஒன்றும் கேட்பதில்லையே, அவருக்கு நன்றாகத்தான் இருக்கும். முதல் பிரதியில் பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டவர் அவர். கெட்ட பெயர் மட்டும் எனக்கு. இதைச் சொன்னதும் முழங்கால் வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

இன்னொன்று. நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கரண்டியால் தட்ட வரவில்லை. கை போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. "சாப்பாடு ஆச்சா இல்லையான்னே தெரியல" என்று உன் அப்பா புலம்புகிறார்.

சித்தி


மார்ச் 9

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று. நேற்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து போட்டுக் காட்டினோம். கிழவி வந்தபோது மட்டும் அலறினார்கள். மற்ற நேரமெல்லாம் ஒருத்தன் முன்வரிசைப் பெண்ணின் பின்னலை நாற்காலியில் கட்டிக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஏதாவது கேளுங்கள் என்றேன். ஒரு சிறுமி எழுந்து, "சித்தியும் நல்லவங்க, அப்பாவும் நல்லவங்கன்னா, அப்புறம் ஏன் யாருமே தேடிப் போகல?" என்றாள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி முதல் காட்சி. இந்த நாடகம் சரியாக வராவிட்டால் அரங்கத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். கிழவியை ஆட்டுகிற என் தோழி இப்போதே வேறு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். எட்டு வருடமாகப் பசையும் துணியுமாகக் கட்டி எழுப்பிய குழு இது. பயமாக இருக்கிறது.

கொடுமைக்காரியை வைக்க முடியாது. நல்லவளை வைத்தால் தூங்குகிறார்கள். சித்தியே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் கதை வீட்டைவிட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? சின்ன வயதில் இந்தக் கதையை எனக்குச் சொன்னது நீங்களா? நீங்கள் வந்தபோது எனக்கு ஆறு வயது. அந்த நாட்களைப் பற்றி யோசித்தால், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அதனால்தானே எனக்குப் பூட்டு என்று பெயரே வைத்தீர்கள். ஆனால் அந்தக் கரண்டிச் சத்தத்தை எழுதியபோது என் உடம்பு எதையோ எதிர்பார்த்தது. பயம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் பயம் மாதிரி இல்லை.

பூட்டு


மார்ச் 15

பூட்டு,

நான்தான் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், இருந்தும் பேசாமல் இருக்கிறாய் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்த புதிதில் நீ என் கையால் எதுவும் சாப்பிட மாட்டாய். பேசவும் மாட்டாய். உன் அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுவார். நீயும் நானும் ஒரு தட்டும் கரண்டியும் மட்டும் அந்தச் சமையலறையில் மிஞ்சுவோம். லேபில் எத்தனையோ பேர் வாயை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருக்கிறார்கள். உன் வாயை மட்டும் என்னால் திறக்க முடியவில்லை.

ஒரு நாள் நீ ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். இதே கதை. படித்தேன். கடைசிப் பக்கத்தில் "அதற்குள் சித்தி இறந்துவிட்டாள்" என்று இருந்தது. வேறு வழியில்லாமல் அதையும் படித்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "எப்படி செத்தா?" என்று கேட்டாய்.

நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அழுதிருப்பேன். ஆனால் கரண்டியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பெருசா ஒரு தும்மல் போட்டா. போட்ட வேகத்துல கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றேன். நீ சிரித்தாய். சிரித்ததும் வாய் திறந்தது. கரண்டியை உள்ளே விட்டேன்.

மறுநாள் அந்தச் சித்தி பட்டன் தைக்கும்போது தலையணையோடு தன்னையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு செத்தாள். அதற்கு மறுநாள் அவள் செய்த பல் செட்டே மேசையிலிருந்து இறங்கி அவளை மூன்று தெரு துரத்திக் கடித்தது. அது உனக்கு ரொம்பப் பிடித்துப்போய், திரும்பத் திரும்பக் கடிக்க வைத்தாய். கொட்டாவி விட்டபோது கட்டிலை விழுங்கிச் செத்தாள். சோப்பில் வழுக்கி வாளிக்குள் தலைகீழாகப் போனாள். நான் லேபில் மெழுகை உருக்கிக்கொண்டே அன்றைக்கு எப்படிச் சாவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கரண்டியால் தட்டினால், இன்றைய சாவு தயார் என்று உனக்கு அர்த்தம். டக், டக் என்றால் எங்கிருந்தாலும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவாய். நடுங்கிக்கொண்டு ஒரு நாளும் வந்ததில்லை.

அது எப்படி நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தடவை கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை. நீ தட்டையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாய். டக், டக் என்று தட்டினாய். கதை முழுவதையும் நீயே சொன்னாய். காட்டை மட்டும் கொஞ்சம் அவசரமாக முடித்தாய். "வீட்டுக்கு வந்து பாத்தா சித்தி இல்ல" என்றாய்.

"செத்துட்டாளா?" என்று நான்தான் கேட்டேன்.

"இல்ல. கடைக்குப் போயிருக்கா. வந்துடுவா" என்றாய்.

என் வாய் திறந்தது சிரிப்பிலா அழுகையிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ கரண்டியைத் திணித்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ அந்தக் கதையைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. விதவிதமாகச் செத்ததை நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? இதை உன் நாடகத்துக்காக எழுதவில்லை. கேட்டாய், அதனால் எழுதினேன்.

சித்தி


மார்ச் 22

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார், அந்த லட்சணத்தில் இருந்தது என் முகம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. தும்மலும் இல்லை, தலையணையும் இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல விஷயம் நடந்திருக்கிறது, நான் அங்கேயே இருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதோடு வந்த சிரிப்பை எங்கேயோ தொலைத்துவிட்டேன். இதை நினைத்தால் அழுகையாக வருகிறது.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். பட்டறையில் எல்லோரையும் உட்கார வைத்து அந்தச் சாவுகளை மட்டும் படித்துக் காட்டினேன். பல் செட் துரத்துகிற இடத்தில் தோழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனுவைத் திரும்ப வாங்கப் போகிறாளாம், அந்தப் பல்லை ஓட வைக்கிற வேலையைத் தனக்கே தர வேண்டுமாம்.

இப்போது கதை இப்படி. சித்திக்குக் கோபம் வரும், கத்துவாள். பஞ்சம் வந்ததும் சித்தியும் அப்பாவும் சேர்ந்தேதான் அந்த முட்டாள்தனத்தை முடிவு செய்கிறார்கள், அப்பா தப்பிக்க முடியாது. பிள்ளைகள் திரும்பி வரும்போது அப்பா வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் சித்தி இல்லை. "சித்தி செத்துட்டாளா? எப்படி செத்தா?" என்று பொம்மைகள் அரங்கத்தைப் பார்த்துக் கேட்கும். பிள்ளைகள் என்ன கத்தினாலும் அதை உடனே நிழலில் செய்து காட்டுவோம். கடைசியில் இசை. இசை முடிந்ததும் கதவு திறக்கும். சித்தி காட்டில் ஒட்டிய இலையும் முள்ளுமாக, கையில் பையோடு வந்து நிற்பாள். பிள்ளைகளைக் காடெல்லாம் தேடிவிட்டு, வருகிற வழியில் கடைக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். உள்ளே வந்து கரண்டியை எடுத்துத் தட்டுவாள். டக், டக்.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

ஏப்ரல் ஐந்து, முன்வரிசையில் உங்கள் இரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறேன்.

பூட்டு


மார்ச் 29

பூட்டு,

எடுக்க வேண்டாம்.

ஏப்ரல் ஐந்து வர முடியாது. லேபில் அவசர வேலை குவிந்து கிடக்கிறது. உன் அப்பாவின் முழங்காலுக்குப் பஸ் ஆகாது. முன்வரிசையை யாராவது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

பார்சலில் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். நான் கடைக்குக் கொண்டுபோகிற பச்சைப் பைதான், பொம்மைக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தைத்திருக்கிறேன். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள். வெறும் பையோடு கடையிலிருந்து வந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சித்தி


ஏப்ரல் 7

பூட்டு,

நான் வந்திருந்தேன்.

லேபில் வேலை இருந்தது உண்மை. காலையில் மெழுகை உருக்க அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர், "உங்களுக்கு இன்னிக்கு என்னம்மா ஆச்சு, கிளம்புங்க" என்றார். பஸ் பிடித்து வந்துவிட்டேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முடிந்ததும் உன் முன்னால் வந்து நின்றால், அத்தனை பேர் நடுவில் அழுது தொலைப்பேன் என்று தெரியும். அதனால் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

"எப்படி செத்தா?" என்று பொம்மைகள் கேட்டதும் என்ன கூச்சல்! என் பக்கத்தில் ஒரு வாண்டு நாற்காலி மேல் ஏறி, "ராக்கெட்ல போய் வெடிச்சிட்டா" என்றது. இன்னொன்று, "ஐஸ்கட்டியா ஆயிட்டா" என்றது. நீங்கள் ஒவ்வொன்றாகச் செய்து காட்ட, அரங்கமே உருண்டு புரண்டது. எனக்கு வயிறு வலித்தது. அவ்வளவு தடவை செத்து எனக்கு ரொம்ப நாளாயிற்று.

பிறகு இசை ஆரம்பித்தது. விளக்கு மங்கியது. பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். வீடு காலியாக இருந்தது, அந்த இரண்டு பொம்மைகளும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றன. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "கடைக்குப் போயிருக்கா! வந்துடுவா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாண்டு நாற்காலியை விட்டே இறங்கிவிட்டது. காட்சியைக் கெடுத்துவிட்டேனோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கவலைப்பட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதியதில் இசை முடிந்த பிறகுதான் கதவு திறக்கும் என்று இருந்தது. ஆனால் இசைக்காரர் பாதியில் இருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. அவரும் திடுக்கிட்டு நிறுத்தினார். ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

நேற்று மத்தியானம் கரண்டியால் தட்டினேன். உன் அப்பா முழங்காலை மறந்து ஓடி வந்தார். பூனையும் வந்தது.

சித்தி


ஏப்ரல் 12

அன்புள்ள சித்திக்கு,

மேலாளர் அடுத்த மாதம் முழுக்க அரங்கத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார். தோழி பல்லோடு ஓடி ஓடி இளைத்துவிட்டாள்.

தப்பு ஒன்றும் நடக்கவில்லை. சித்திப் பொம்மையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றது நான்தான். இசை முடியக் காத்திருந்தேன். அப்போது உங்கள் குரல் கேட்டது. அதற்குப் பிறகு உங்களை இன்னும் ஒரு நொடிகூட வெளியே நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை, திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். தெருமுனையிலேயே நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் தட்டியதும் ஓடி வருகிறேன்.

உங்கள்,
பூட்டு